மீன் ஏற்ற வாங்கிய வான்

படித்தவனை நம்பி வாகனம் வாங்க அனுப்பக்கூடாது. அதிலும் காற்சட்டை போட்ட படித்தவனைக் கண்டிப்பாக அனுப்பக்கூடாது. முள்ளிவாய்க்காலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து எஸ்.எஸ்.சி. எழுதியவன் நான்தான் (பாஸ் பண்ணினேனா என்று கேட்காதீர்கள்). அந்த ஒரு தகுதிக்காக, வான் பார்த்து எடுத்துவர ஐயா என்னை வவுனியாவுக்கு அனுப்பினார்.

ஐயா கரைவலைக்காரர். படுகிற மீனையெல்லாம் ஒரு முதலாளியின் லொறிக்குத்தான் கொடுக்கவேண்டும், அந்த ஆள் சொன்னதுதான் விலை. சொந்தமாக ஒரு வான் இருந்தால் மீனை நாங்களே கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பிறகு ஒருத்தன் முன்னாலும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. இதுதான் ஐயாவின் ஒரே ஆசை. அதற்காக அம்மாவின் சீதனத் தென்னங்காணியை விற்றார்.

புறப்படும்போது ஒரு துண்டு வலைக்கயிறு தந்தார். மீன்பெட்டியின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு.

"உள்ளுக்குப் பிடிச்சுப் பாத்து எடு, தம்பி."

வான் விற்றவர் கழுத்தில் ரை கட்டியிருந்தார். நான் வெள்ளைச் சேர்ட். பொக்கற்றுக்குள் கிடந்த கயிறோ கருவாடாக மணத்தது. அந்தக் கண்றாவியை அவர் முன்னால் எப்படி வெளியில் எடுப்பது? கையை உள்ளே விட்டு முடிச்சைத் தடவிக்கொண்டே கண்ணால் அளந்தேன். ஹோர்ன் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் சீப்பால் தலை இழுத்துப் பார்த்தேன். பின்கதவும் நல்ல அகலமாகத் திறந்தது. உள்ளே சில்லுகளுக்கு மேல் இரண்டு பக்கமும் தகரம் மேடாகப் புடைத்திருந்ததை, ஆட்கள் இருந்து போகப் போட்ட வாங்கு என்று நினைத்தேன் (சிரிக்காதீர்கள்).

பங்குச் சுவாமியார் மந்திரிக்காத வள்ளத்தில் எங்கள் பக்கம் வலை ஏற்றமாட்டார்கள். வானுக்கும் அதே முறைதான் என்று ஐயா ஒரே பிடியாக நின்றார். அதனால் வெறும் பெட்டி ஒன்றைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்த அன்று வலை நிறையக் கீரிமீன் பட்டிருந்தது. ஐஸ் போட்டு அடைத்த முதல் பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். கதவால் போன பெட்டி, அந்த மேடுகளுக்கு நடுவில் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. சரித்து இழுத்தபோது ஐஸ் தண்ணி முழுக்கச் சுவாமியாரின் அங்கியில் ஊற்றியது. வெயில் ஏறிக்கொண்டே போனது.

மத்தியானம் முதலாளியின் லொறி வந்தது. அந்த ஆள் கீழே இறங்கவேயில்லை. இருந்த இடத்திலிருந்தே வழக்கத்தில் பாதி விலை சொன்னார். ஐயா தலையாட்டினார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஐயா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

விற்றவர் வானைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த கிழமை எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் முல்லைத்தீவு ஆசுபத்திரியில் மோசம் போனார். சவத்தைக் கொண்டுவர வேறு வாகனம் கிடைக்காமல் எங்களிடம் வந்தார்கள். சவப்பெட்டி அந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவால் அளந்து செய்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. கதை பரவிவிட்டது. பிறகு அந்தக் கரையில் செத்தவர்களெல்லாம் எங்கள் வானில்தான். உயிரோடு இருந்தவர்கள் என்னை றோட்டில் கண்டால் வேலியோரம் ஒதுங்கினார்கள். எனக்குப் பொம்பிளை தரக்கூட ஆட்கள் யோசித்தார்கள்.

ஐயா பழையபடி அந்த லொறிக்கே மீன் கொடுத்தார். வானில் ஒருநாளும் காலை வைக்கவில்லை. கோயிலுக்குக்கூட நடந்தே போனார்.

சில வருடங்களில் படுக்கையில் விழுந்தார். கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வான் ஓடுதோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா."

கஞ்சிக் கோப்பையைக் கையால் விலக்கினார்.

"அப்ப பறவாயில்லை. எனக்கு அளவாத்தான் எடுத்திருக்கிறாய்."

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது புதிதாக எதையாவது வாங்கிவந்தால், "ஆருக்கு அளவா எடுத்தது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பேரப்பிள்ளைகள்வரை கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஐயாவை ஏற்றிக்கொண்டு போனபோது வானை ஓட்டியவன் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.