ஏரிக்குள் ஒரு பாலைவனம்

"கட்! கட்! யாருங்க அது?"

பாலைவனத்தின் நட்டநடுவே ஒரு பெண் பித்தளைச் சொம்போடு நடந்து வந்துகொண்டிருந்தாள். இளவழகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்று நாளாகத் தண்ணீர் காணாமல் தவழ்ந்துகொண்டிருந்த கதாநாயகன் சொம்பைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, மோரை மடமடவென்று குடித்து முடித்தான்.

பாலைவனம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஓமலூருக்கு மேற்கே வறண்டு கிடந்த ஓர் ஏரி அது. பன்னிரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்துச் சலித்துப்போன இளவழகனுக்கு, சொந்தமாக ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. பாலைவனத்தில் வழி தவறிய லாரி டிரைவர் ஒருவன், சாகிற நேரத்தில் கடவுளை நம்புவதா வேண்டாமா என்று தனக்குள்ளேயே சண்டை போடுகிற கதை. ராஜஸ்தான் போக வக்கில்லை. ஏரி, வண்டியில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது.

நடிகன் ஒருவன்தான், செங்கோடன். தெருக்கூத்தில் பீமன் வேஷம் கட்டுகிறவன். இந்தப் படத்துக்காக இரண்டு மாதம் வயிற்றைக் கட்டி, கன்னம் ஒட்டி, பார்க்கவே பரிதாபமாக இருந்தான். கடைசிக் காட்சியில் அந்த முகம் வானத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும். படமே அந்த முகத்தில்தான் இருந்தது.

"இது சினிமாங்கக்கா. சொம்போட உள்ள வரலாமா?" என்றான் இளவழகன்.

வந்தவள் பெயர் ஆராயி. நூறு நாள் வேலைக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகிறவள். ஊரில் அவள் பேச்சுக்கு மறுபேச்சில்லை. செங்கோடனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சினிமாங்களா? மழைக்குத் தவமிருக்கிற சாமியாருன்னு ஊர்ல அல்லாரும் பேசிக்கிறாங்க தம்பி."

இளவழகனுக்குச் சட்டென்று ஒரு யோசனை. சாமியார் என்றால் தள்ளி நிற்பார்கள் அல்லவா?

"ஆமாங்க, தவந்தான். சும்மா சினிமான்னு சொன்னேன். கிட்ட யாரும் வரக்கூடாது."

அந்தப் பொய்தான் வினையாகப் போனது.

மறுநாள் காலையில் பாலைவனத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. யாரும் கிட்ட வரவில்லைதான். ஆனால் கரை நெடுக ஊரே உட்கார்ந்திருந்தது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் தொடுவானத்தில் தலைகள் தெரிந்தன.

"சாமியாருக்கு ஜனத்தைக் கண்டா ஆகாதுங்க."

"அதுக்கென்னங்க, மறைச்சுப் போடலாம்," என்றாள் ஆராயி.

மதியத்துக்குள் செங்கோடனைச் சுற்றித் தென்னந்தட்டி எழுந்து நின்றது. பாலைவனம் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குச் சுருங்கிப்போனது. அதைப் பிரிக்கச் சொன்னால் ஆராயி முகம் வாடுகிறது. அவள் மனம் நோகக்கூடாதென்று, "ஒரே ஒரு வேளை படையல் வேணா வைங்க," என்று இறங்கி வந்தான் இளவழகன்.

ஊரில் ஏழு தெரு. தெருவுக்கு ஒரு வேளை என்று அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கம்மங்கூழில் தொடங்கி ஒப்பிட்டு, கச்சாயம் என்று இனிப்புப் பலகாரம் வரை படையல் வளர்ந்தது.

"எதுக்குய்யா அத்தனையும் திங்கறே?"

"வேண்டாம்னா அழுவறாங்கண்ணா," என்றான் செங்கோடன், வாய் நிறைய.

கன்னம் மேடேறியது. தாகத்தில் சாகிற காட்சியில் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். முகம் மறுபடி வற்றட்டும் என்று படப்பிடிப்பைத் தள்ளிப்போட, தள்ளிப்போட்ட நாளெல்லாம் அவன் இன்னும் பூரித்தான். பத்து நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு மாதத்தைத் தாண்டியது. இளவழகன் கேமராவை மூட்டை கட்டப் போகும்போதெல்லாம் ஆராயி வந்து நின்றாள்.

"ஒரு மண்டலமாச்சும் இருக்கோணுமுங்க தம்பி. பாதியில எந்திரிச்சா ஊருக்கு ஆகாது."

ஒரு நாள் உச்சி வெயிலில் அவன் சும்மா கேமராவைக் கரைப் பக்கம் திருப்பிப் பார்த்தான். பெண்கள் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். உதடுகள் முணுமுணுத்தன. அப்படி ஒரு முகத்தைத்தான் அவன் இத்தனை நாளாகச் செங்கோடனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். நம்பிக்கையைப் பற்றிப் படம் எடுக்க வந்தவன், நம்புகிறவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. படம் போனாலும் போகட்டும் என்று கரையேறிப் போனான்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. அவன் சாமியார் இல்லீங்க, கூத்தாடி. தவமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சொன்னது அத்தனையும் பொய்."

ஆராயி கண்ணைத் திறந்தாள். கோபப்படவில்லை.

"மொத நாளே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா கோலம், தட்டி, படையல் எல்லாம்?"

"பொழுதன்னைக்கும் இந்த ஏரியில லாரி வெச்சுத் திருட்டு மண்ணு அள்ளிட்டு இருந்தாங்க தம்பி. மனுக் குடுத்துப் பார்த்தோம், லாரிக்குக் குறுக்கே படுத்தும் பார்த்தோம், நிக்கல. நீங்க கேமராவை நட்டு வெச்ச அன்னைக்கு, எங்கே படத்துல விழுந்துருவமோன்னு பயந்து ஓடிப்போனவங்கதான். இன்னும் ஒரு லாரி இறங்கல."

இளவழகன் கரையில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்போ கண்ணை மூடிக் கும்பிட்டதும் நடிப்புத்தானுங்களா?"

"அது மட்டும் நெசமுங்க," என்றாள் ஆராயி. "மழை வந்து ஏரி நெறையற வரைக்கும் உங்க படம் முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டோம்."