எதிர்சீட்டுக்கு முதல் ரொட்டி

இலங்கைத் தீவில் ரயிலேறியவர்களிலேயே, கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அதிகம் பட்டினி கிடந்தவர் எங்கள் பார்சல் அண்ணன்தான். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை. பயணம் என்றால் வாழையிலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொள்வார். ஆனால் எதிரே இருப்பவர் ஒரு ரொட்டி வாங்கித் தின்றால்தான் தானும் தின்பார்.

"நான் திங்கிறேனே அண்ணே" என்பேன்.

"நீ தெரிஞ்சவன். ஒனக்குக் குடுக்கிறது சேத்தியில்ல."

அவருக்குப் பெண் பார்க்க நுவரெலியா போனோம். காதோரம் நரைத்துவிட்டது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று சொல்லியிருந்தார்.

ஹட்டனில் மத்தியான ரயிலைப் பிடித்தோம். எதிரே ஒரு பௌத்த பிக்கு. நண்பகல் தாண்டினால் அவர்கள் உண்பதில்லை, சிரித்துக் கையசைத்தார். பக்கத்தில் தொப்பி போட்ட முஸ்லிம் நானா ஒருவர், "நோன்பு தம்பி" என்றார். தலவாக்கலையில் ஏறிய டீச்சரம்மாவுக்குத் தவக்கால உபவாசம். மூன்று மதமும் கூடி ஒரு மனிதனைப் பட்டினி போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் வெறும் வயிற்றோடே பெண் வீட்டுக்குள் நுழைந்தார். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அடுப்படியில் இருந்து குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. அண்ணன் பசி மயக்கத்தில் எதைக் கேட்டாலும் பேசாமல் இருந்தார்.

"புடிக்கலைன்னா சொல்லிருங்க. ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா, முகம் சுருங்கி.

அப்போது பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேர் எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் நிமிர்ந்தார். பையிலிருந்து பார்சலை எடுத்துப் பிரித்தார்.

"ஒரு ரொட்டி எடுத்துக்கங்க."

அவள் அவருடைய பசித்த முகத்தைப் பார்த்தாள். ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"சம்பல்ல உப்புக் கம்மி. நீங்களும் சாப்பிடுங்க."

அண்ணன் சாப்பிட்டார்.

"பேச்சே முடியல. பொண்ணு மாப்பிள வீட்டுச் சோத்துல கை நனைச்சிருச்சே" என்றார் அப்பா.

"அதுக்கப்புறம் என்னாங்க பேச்சு? எலையப் போடுறேன்" என்றார் பெண்ணின் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு ரயிலேறினால், பார்சலைப் பிரிக்குமுன் அண்ணி எழுந்துபோய் எதிர்சீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

"தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கிறது சேத்தியில்லையே அண்ணே?" என்று சீண்டினேன்.

"ரயிலுக்குள்ள நாங்க தெரியாதவங்க" என்றார் அண்ணி, வாயில் ரொட்டியோடு.

இன்றும் ரயிலில் தனியாகப் பொட்டலம் பிரித்தால் எதிர்சீட்டைப் பார்க்கிறேன். அண்ணன் மட்டும் இன்று உயிரோடு அங்கே இருந்தால், வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு ரொட்டி வாங்கித் தின்பேன்.