சந்தனம் வைத்த மெஷினும் ரேகை சாரும்

ஓசூரில் பெரிய படிப்பு படித்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் பட்டப்பகலில் தன்னைத் தானே ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுக்கொண்டு வேலை பார்த்த மனிதர் ரேகை சார் ஒருவர்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும், எந்தச் சர்ச்சில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். வரிசையாக ஆறு வீடு, ஒரே குழாய். மூன்றாவது வீட்டில் நான், நாலாவதில் அவர். நான் பத்தாவது வரை படித்துவிட்டு, கிரானைட் கம்பெனியில் கல்லுக்குப் பாலிஷ் போடும் கான்ட்ராக்ட் ஆள். அவர் பெங்களூரில் சாட்டிலைட்டுக்குள் வைக்கிற எலெக்ட்ரானிக் போர்டு செய்தவர். அதை விட்டுவிட்டு காலேஜ் வாத்தியாராகி, விரல் ரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். வானத்தில் இருந்தவர் எதற்கு விரலுக்கு இறங்கி வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. நான் டீக்கடையில் சர்க்கரை போட மறந்துவிட்டால் அப்படியே குடித்துவிட்டு வருகிற ஆள்.

கட்டிப்போட்ட கதையைச் சொல்கிறேன். அவர் கம்ப்யூட்டரைக் கழற்றும்போதெல்லாம் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டி, அதிலிருந்து வரும் ஒயரை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுக்கொள்வார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா முனியம்மா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டது.

"ஐயோ பாவம், யாருப்பா இந்த சாரைக் கட்டிப்போட்டது?" என்று அவிழ்த்துவிட ஓடியது.

"தொடாதீங்கம்மா, உடம்புல கரண்ட் இருக்கு" என்றார் சார், தலையை நிமிர்த்தாமல்.

முனியம்மா அன்றைக்கு வாடகை வாங்காமலே போய்விட்டது. அப்புறம் ஒரு மாதம் தெருவில் அவர் வந்தால் பெண்கள் தண்ணீர்க் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

எனக்கு மட்டும் விளக்கம் கொடுத்தார். "எல்லார் உடம்புலயும் கொஞ்சம் கரண்ட் இருக்குங்க. அது பாஞ்சா சிப்பு செத்துடும். கீழன்னா வேற மாத்திக்கலாம். மேல போனப்புறம் யாருங்க ஏணி போட்டு ஏறறது?"

"இங்க சாட்டிலைட் இல்லீங்களே சார்?"

"இல்லீங்க. பழக்கம்."

இன்னொரு பழக்கம், யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லாமல் கையைப் பிடித்து விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது. பஸ் கண்டக்டர், காய்கறிக்காரம்மா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், யாரும் தப்பவில்லை. ஜனங்கள் அவரை ஜோசியர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பயம் தெளிந்த முனியம்மாவும் ஒருநாள் கையை நீட்டியது. அதற்கு நிலத் தகராறில் ஒரு கேஸ் இருந்தது.

சார் ரொம்ப நேரம் பார்த்தார். "அருமையான விரலும்மா. நடுவுல ஒரு வெட்டு விழுந்து கெடுத்துடுச்சு."

"எனக்குத் தெரியும் சார்" என்று முனியம்மா அழ ஆரம்பித்தது. "அந்த வெட்டு என் கொழுந்தன்தான்."

"அரிவாள்மணைன்னு நெனச்சேங்க" என்று சார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் வெறும் வெள்ளை. பத்து விரலையும் வைத்தேன். பத்தும் வெள்ளை. தப்பு செய்துவிட்டேன் போல என்று எழுந்துகொண்டேன்.

"உட்காருங்க" என்றார். லாட்டரி விழுந்த மாதிரி முகம். "உங்களுக்கு ரேகையே இல்லீங்க."

"மன்னிச்சுக்கங்க சார்."

"அட, இதைத்தாங்க ஒரு வருஷமா தேடறேன். தண்ணியிலயும் பாலிஷ் பவுடர்லயும் நின்னு நின்னு சுத்தமா தேஞ்சிருக்கு. மத்த ஆளுங்களுக்குப் பாதி தேஞ்சிருக்கும். இவ்வளவு காலியான விரலை நான் பார்த்ததே இல்ல. இதையும் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்துட்டா என் ஆராய்ச்சி முடிஞ்சுது. மாசாமாசம் ஒரு வருஷத்துக்கு நீங்க விரல் கொடுக்கணும்."

வாழ்க்கையில் என்னிடம் ஒன்று இல்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர்தான். டீ வேறு போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு முந்நூறு தடவை விரல் வைத்தேன்.

"எதுக்கு சார் ஒரே விரலை இத்தனை தடவை?"

"திருப்பித் திருப்பிக் காட்டினாத்தாங்க அது படிக்கும்."

"படிக்குதுங்களா?"

"படிக்குது. ஆனா மண்டு."

என்னைப் பற்றி என் கணக்கு வாத்தியார் சொன்னதும் இதேதான். கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கிருஷ்ணகிரியில் ஸ்டெல்லா. அவள் அப்பா லாரி டிரைவர், நேராகப் பேசுகிறவர். "பர்மனென்ட் ஆர்டரைக் கையில கொண்டாங்க மாப்ள, அடுத்த ஞாயிறே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்றார். எங்கள் கம்பெனி மேனேஜரும் அதே சமயத்தில் அறிவித்தார்: விரல் வைத்து வருகை போடும் மெஷின் வருகிறது. ஆயுதபூஜையிலிருந்து பொங்கல் வரை மெஷினில் லீவு இல்லாமல் இருக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பர்மனென்ட். நான் லீவே போடாதவன். லீவு கேட்க வாய் வராது என்பதுதான் காரணம். பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

மெஷினை ஆயுதபூஜை அன்றைக்கே மாட்டினார்கள். கட்டிங் மெஷின், பாலிஷ் மெஷின், ஃபோர்க் லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த மேனேஜர், இதற்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வாரா? விரல் வைக்கிற கண்ணாடியிலேயே அழகாக ஒரு பொட்டு வைத்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள எல்லாரும் வரிசையா விரல் வைங்கப்பா" என்றார். நாங்கள் எல்லோரும் பூஜைச் சந்தனம் எடுத்த கையோடு வைத்தோம். மாட்ட வந்த பெங்களூர்ப் பையன், "துடைங்க சார், துடைங்க" என்று கத்திப் பார்த்தான். பூஜை போட்ட சந்தனத்தை அன்றைக்கே துடைக்க யாருக்கு மனசு வரும்? மெஷின் எல்லோருக்கும் ஒரு பெண் குரலில் 'தேங்க்யூ' சொன்னது. எனக்கும் சொன்னது. ஒரு பெண் என்னிடம் தேங்க்யூ சொன்னது அதுதான் முதல் தடவை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது நாள் கூட்டுகிற அம்மா கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டது. மறுநாள் கம்பெனியில் ஒருத்தரையும் மெஷினுக்குத் தெரியவில்லை. மேனேஜரே ஆப்சென்ட். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று அவரிடமே சொன்னது. பையனை மறுபடி வரவழைத்து, எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு புதிதாக விரல் வைத்தார்கள். எல்லோரையும் எடுத்துக்கொண்டது. என்னைத் தவிர.

ராத்திரி நேராக சாரிடம் போனேன்.

"உங்களுக்குத்தான் ரேகை இல்லையே, முதல்ல எப்படிங்க எடுத்துச்சு?" என்று அவரே குழம்பினார். ரொம்ப யோசித்துவிட்டு, "விரல்ல சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்கும். வெடிப்பை ரேகைன்னு நெனச்சிருக்கு" என்றார்.

"அப்ப தினமும் சந்தனம் வச்சிக்கிட்டுப் போகட்டுங்களா?"

"போய்ப் பாருங்க."

ஒரு வாரம் சந்தனத்தோடு போனேன். தினமும் ஒரு மாதிரி வெடித்தது. மெஷினுக்கு நான் தினமும் புது ஆள். சூப்பர்வைசர் மஞ்சுநாத், "ஏனப்பா, டெய்லி விரலுக்குப் பூஜை பண்றியா? சாமியார் ஆயிட்டியா?" என்று கேட்டார். சந்தனத்தை விட்டேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், கிளிசரின் தடவினேன். நாள் முழுக்க வேலை செய்வேன், சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் என் பேருக்கு நேராக ஆப்சென்ட் என்று இருக்கும். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்து, வந்தோமா என்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன்.

சார் ஒரு யோசனை சொன்னார். "கால் கட்டை விரல் தேயலை. ஜம்முனு இருக்கு. அதை வைங்களேன்."

"சார், அது பூஜை போட்ட மெஷின்."

"அதனால?"

"அதுல கால் வைக்கிறதுங்களா?"

"மெஷினுக்குக் கால் எது கை எது தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுங்களே சார்."

சார் மறுபடி என் கால் விரலைக் குனிந்து பார்த்தார். நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை. அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை. மெஷின் நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்தது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இருபதாவது ஆப்சென்ட் விழுந்த அன்று, ஸ்டெல்லாவின் அப்பா வேறு இடம் பார்ப்பதாகத் தகவல் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் போலிருக்கிறது. சார் வந்து குழாயை மூடினார். மறுநாள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு கம்பெனிக்கு வந்தார்.

"நீங்க யாரு சார்?" என்றார் மேனேஜர்.

"பக்கத்து வீடுங்க."

"மெஷின் பொய் சொல்லாது சார்."

"சொல்லாதுங்க. ஆனா அதுக்கு ஆளைத் தெரியலைன்னா, ஆள் வரலைன்னு எழுதிக்குது. ரெண்டும் ஒண்ணுங்களா?" என்றார் சார். "சாட்டிலைட்ல ஒரே கணக்கை மூணு பெட்டி போடும். ஒண்ணுக்குக் கிறுக்குப் புடிச்சா மத்த ரெண்டும் சேர்ந்து சொல்றதைத்தான் எடுத்துக்குவோம்."

"நம்மகிட்ட ஏது சார் மூணு பெட்டி? நாம கல்லு அறுக்கிறோம்."

"இருக்குங்களே. ஒண்ணு இந்த மெஷின். ரெண்டு, கேட்ல வாட்ச்மேன் நோட்டு. மூணு, கேன்டீன் டோக்கன்."

மேனேஜருக்குத் தலை சுற்றியது. இந்த மனிதரை அனுப்பினால் போதும் என்று இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். வாட்ச்மேன் நோட்டில் ஒருநாள் விடாமல் என் கையெழுத்து. கேன்டீனில் ஒருநாள் விடாமல் என் டோக்கன்.

"ஒருநாள் ரெண்டு டோக்கன் இருக்கே?" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு முட்டை சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான்.

மேனேஜர் இருபது ஆப்சென்டையும் அடித்துவிட்டு, "தினமும் இப்படி மூணு நோட்டைப் பார்க்க முடியுமா சார்? மெஷின் எடுக்கலைன்னா பொங்கலுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

சார் வாட்ச்மேன் நோட்டை மூடி வைத்தார். என் கையைப் பார்த்தார். பிறகு, "தண்ணி இல்லாத செக்‌ஷனுக்கு இவரை மாத்திடுங்க. ஒரு மாசத்துல ரேகை முளைச்சிடும்" என்றார்.

"முளைக்குமா?" மேனேஜர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "நமக்கு எதுவும் முளைக்க மாட்டேங்குது."

என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். ரேகை வரும் வரை வாட்ச்மேன் நோட்டைப் பார்த்து வருகை போட்டார்கள். ஐந்தாவது வாரம் மெஷின் என்னிடம் தேங்க்யூ சொன்னது. பொங்கலுக்கு ஆர்டர் வந்தது. அதையும் கால் கிலோ மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்கு ஓடினேன். ஆர்டரை முழுக்கப் படித்தார். கண்ணாடிப் பெட்டியில் விரல் வைக்கச் சொன்னார். திரை முழுக்கக் கோடு கோடாகச் சுழித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், உங்க காலி விரல் போயிடுச்சுங்களே."

"ஆமாங்க."

"லீவு நாள்ல பாலிஷ் பக்கம் நின்னு மறுபடி தேச்சுக்கட்டுங்களா?"

"பைத்தியமாங்க உங்களுக்கு?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அப்புறம் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "வேற விரல் கிடைக்கும்" என்றார்.

எளிதில் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒரு பையில் கம்ப்யூட்டரும் கண்ணாடிப் பெட்டியுமாக பர்கூர் பக்கம் கல் குவாரிகளுக்குப் பஸ்ஸில் போய்க் கை கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில், ஸ்டெல்லா இரண்டு பேருக்கும் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழ சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன்.