பதினாலாம் பாடத்தில் பாய் திருடன்

நான் பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொய்க்கு ஃபோல்டர் போட்டு, பெயர் வைத்து, பத்திரமாகப் பாதுகாத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஃபோல்டரின் பெயர் 'பாடம் 14'.

இரண்டாயிரத்து நாலு. திருவொற்றியூரில் கப்பல் கயிறு விற்கும் கடையின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே கயிறு, மேலே கம்ப்யூட்டர், இரண்டுக்கும் முதலாளி ஜாபர் பாய். டீச்சர் நான். வயது இருபத்திரண்டு. பாய் எந்தக் கயிற்றையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மட்டும் தள்ளி நின்று மரியாதையாகப் பார்ப்பார். அதனால் எங்கள் கோர்ஸில் மொத்தமே பதின்மூன்று பாடம்தான் என்பது அவருக்குத் தெரியாது.

பதினாலாவது, என் கேம்.

அப்போது கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வரும். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒரு ஆள், கம்பெனி கிம்பெனி எதுவும் இல்லாமல், தானே உட்கார்ந்து செய்த குட்டிக் குட்டி கேம்கள் அதில் இருக்கும். எனக்குப் பிடித்தது பாதாள கேம்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கி, தளம் தளமாகப் பூதங்களோடு சண்டை போட வேண்டும். இதில் விசேஷம் என்னவென்றால், நாம் ஒரு அடி வைத்தால்தான் பூதமும் ஒரு அடி வைக்கும். நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். பாய் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் பூதத்தை அப்படியே நிறுத்திவிட்டு டைப்பிங் சொல்லிக்கொடுக்கப் போகலாம். (எனக்காகவே செய்து அனுப்பியது போல இருக்கும்.) மாதா மாதம் புது சிடி, புதுப் பாதாளம். எல்லாப் பாதாளத்திலும் மறக்காமல் செத்தேன்.

அந்த மாதத்து கேமில் மூன்று பேருக்கு நாமே பெயர் வைக்கலாம். வாள்வீச்சுக்காரிக்கு என் பெயர். சூனியக்காரிக்கு அம்மா. திருடனுக்கு, யோசிக்கவே இல்லை, பாய். எட்டு நாளாகக் கடைசித் தளத்து ராட்சசப் பூதத்திடம் மூவரும் உதை வாங்கிக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் சென்டரில் ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. "இந்த வாட்டியும் யாரும் சேரலன்னா மாடிய குடோனாக்கிட வேண்டியதுதான் செல்விமா" என்றார் பாய். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்த நேரம் அது. வீட்டில் என் சம்பளம்தான். எனவே ஒரு ஞாயிறு காலை ஏரியா ஜனங்களைக் கூப்பிட்டு, வாடகைக்கு எடுத்த பெரிய டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, பாடங்களைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தோம்.

நாற்பது பேர் வந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல நின்றார். நான் முதல் பாடத்தைத் திறக்கப் போனேன். அதற்குள் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முதல் பாடம் எல்லா எடத்துலயும் கீது. நம்ம கடைசிப் பாடத்தைப் பாருங்க!" என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் கையால் மவுஸைப் பிடித்து, பதினாலைத் திறந்துவிட்டார்.

பெரிய டிவி நிறைய, முந்தின நாள் நான் விட்ட இடத்திலேயே, ராட்சசப் பூதம். பத்துக் கை.

முன் வரிசையில் இருந்த ஸ்கூல் டீச்சரம்மா ஒருவர், திரை ஓரத்தில் இருந்த ஆங்கிலத்தைக் கணீரென்று படித்து, எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னார்: "வாள்வீச்சுக்காரி, செல்வி. சூனியக்காரி, அம்மா." (அன்று அம்மா வராதது யார் செய்த புண்ணியமோ.) "திருடன்... பாய்."

பாய் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"திருடனா?"

"பூட்டு திறக்கிற வேலை பாய். ரொம்பப் பொறுப்பான வேலை."

"பேருக்குப் பக்கத்துல மூணுன்னு போட்டுக்கீதே, இன்னா அது?"

"அது... உயிர் பாய். உங்களுக்கு மூணு உயிர்தான் மிச்சம்."

"உனக்கு?"

"நாற்பது."

அவர் முகம் வாடியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திருடன் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்த மூன்றைத்தான் தாங்க முடியவில்லை.

வேலை போய்விட்டது என்று முடிவு செய்து கேமை மூடக் கை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல். "இருமா. அது இன்னா அப்படியே நின்னுகினு கீது? படம் நின்னுபோச்சா?" ஹார்பரில் கிரேன் ஓட்டும் குமரேசன் அண்ணன். மகளைச் சேர்க்க வந்தவர்.

"இல்லண்ணா. நாம ஒரு அடி வெச்சாதான் அது ஒரு அடி வைக்கும்."

"அட, மருவாதி தெரிஞ்ச பூதமா கீதே!"

சிரிப்பு வெடித்தது. அதோடு நாற்காலிகள் டிவியை நோக்கி நகர்ந்தன. ஆளுக்கொரு யோசனை. செல்வியை முன்னால் விடு என்றார் ஒருவர். பாயை அனுப்பிப் பார்க்கலாம், போனால் மூணுதானே என்றார் இன்னொருவர். "யோவ், உயிரு என்னுது!" என்று பாய் அவர் மேல் பாய்ந்தார்.

குமரேசன் அண்ணன் டிவி பக்கத்தில் வந்து நின்று, பூதத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார். கூரையிலிருந்து சங்கிலியில் ஒரு இரும்புக் கூண்டு தொங்கியது. எட்டு நாளாக நான் அதை அலங்கார விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"லோடு தொங்குற எடத்துல கீழ ஆள் நிக்கக்கூடாதும்மா. ஹார்பர்ல மொத நாளே சொல்லிக்குடுப்பாங்க. இது தெரியாம வந்து நிக்கப் போவுது பாரு. சங்கிலி எங்க கட்டிக்கீது?"

சுவர் ஓரம். பூட்டோடு.

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள்.

சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு அடி எண்ணினார் குமரேசன் அண்ணன். செல்வி ரெண்டு அடி பின்னால், பாய் ரெண்டு அடி சுவர்ப் பக்கம். நான் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன். பூதம் ஒரு அடி வந்தது. வாலை வீசியதில் பாய்க்கு ரெண்டு உயிர் போனது. நிஜ பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பூதம் இன்னொரு அடி வைத்து, கூண்டுக்கு நேர் கீழே வந்து நின்றது.

"தெறம்மா!" என்று கத்தினார் பாய். "என்னை வெச்சுத் தெற!"

திறந்தேன். கூண்டு விழுந்தது. பத்துக் கையும் ஒரே நசுங்கல்.

மாடியே அதிர்ந்தது. விசில் பறந்தது. டீச்சரம்மா நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார். குமரேசன் அண்ணன் பாயைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். குமரேசன் அண்ணனும், மகளும், இருவருமே. மாடி குடோன் ஆகவில்லை.

எல்லாரும் போன பிறகு பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குனிந்த தலையோடு போனேன்.

"செல்விமா, அடுத்த தபா எனக்கு ஒரு பத்து உசுராவது சேர்த்துப் போடு."

அவ்வளவுதான் தண்டனை.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். பாய் பெரிய பரிசோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் அவரை அறிமுகம் செய்வதற்குள், அவரே எல்லாருக்கும் கை கொடுத்து, "நம்ம செல்விமாவோட திருடன் நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். இதைக் கேட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா நேராக மணமகள் அறைக்குப் போய், நகைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு விளக்கியும் எழுந்திருக்கவில்லை. பந்திக்கும் வரவில்லை. கடைசியில் இலையை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டோம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது சந்தேகமாகப் பார்த்தால், என் கணவர் உள்ளே குரல் கொடுப்பார்: "பெரியப்பாவுக்கு ஒரு இலை எடுத்துட்டு வா!"