மாமாவின் பாட்டுப்பெட்டியில் என் குரல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அதனால் டிவியில் படம் தெரியாவிட்டாலும், அரிசிக் குக்கர் சூடாகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (நான் படித்தது ஹோட்டல் நிர்வாகம்.) தெரியாது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

ராமு மாமா, அம்மாவின் தம்பி. பிறவியிலேயே பார்வை கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி எம்பி3 பிளேயர் இருக்கும். பட்டன் அழுத்தல்களை எண்ணியே வேண்டிய பாட்டைப் பிடித்துவிடுவார். கீழே நாலு, வலது ரெண்டு என்றால் முருகன்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். பாட்டு போடுவது தன் பொறுப்பு என்றார் மாமா. பெரியப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணு தெரியாம எப்படிலா சமாளிப்ப? டிஜே வச்சிருவோம்."

"ஒரே ஒரு தடவ விட்டுப் பாருங்க மச்சான்."

மாமாவின் மானத்தைக் காப்பாற்ற நான் களத்தில் குதித்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) இணையத்தில் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, பிளேயரின் மெனுவைப் பேச வைத்தேன். பாட்டுகளை நாலு தொகுப்பாகப் பிரித்து, அவற்றின் பெயர்களைச் செய்தி வாசிப்பவர் தோரணையில் நானே பதிவு செய்தேன். "ஒன்று: சாமி பாடல்கள். இரண்டு: மாப்பிள்ளை வீட்டார் நுழையும்போது. மூன்று: பெரியப்பா பேச ஆரம்பித்தால். நான்கு: மாப்பிள்ளை வீட்டார் கிளம்பாவிட்டால்."

இயர்போனில் கேட்டு மாமா குலுங்கிச் சிரித்தார். பிறகு, "வரிசைய ஏன்டா மாத்துன? என் எண்ணிக்கை போச்சே," என்றார்.

"இனிமே எண்ணவே வேணாம் மாமா. அதுவே சொல்லும்."

சொன்னது.

பிளேயரில் இருப்பது ஒரே ஒரு துளை. இயர்போனைப் பிடுங்கிவிட்டு, பெரிய ஸ்பீக்கரின் வயரை அதில் செருகியவன் நான்தான். பாட்டு வரும் வழியாகத்தான் மெனுவும் வரும் என்பது என் படித்த மூளைக்கு எட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வாசலில் கால் வைத்தார்கள். பெரியப்பா வரவேற்க வாயைத் திறந்தார். மாமா இரண்டாவதைத் தேடிப் பட்டனை அழுத்தினார். வீடே அதிர, "மூன்று: பெரியப்பா பேச ஆரம்பித்தால்." பதறிப்போய் இன்னொரு அழுத்து. "நான்கு: மாப்பிள்ளை வீட்டார் கிளம்பாவிட்டால்."

தட்டுகள் அப்படியே நின்றன.

"அப்பவே சொன்னேன்லா!" பெரியப்பா மாமா மேல் பாய்ந்தார். "இவன்கிட்ட போய்க் குடுத்தீங்களே!"

மாமாவின் விரல் பிளேயரின் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. நான் தலைக்கு மேலே சுழன்ற ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஃபேனுக்கு மூன்று இறக்கைகள். இப்போதும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

கடைசியில் பட்டுப்புடவையோடு அக்காதான் கத்தினாள். "டேய், இன்னும் எவ்ளோ நேரம்டா ஃபேனப் பாப்ப?"

நான் முன்னால் வந்தேன். பயத்தில் அதே செய்தித் தோரணை வந்து தொலைத்தது. "அந்தக் குரல் என்னுடையது. மாமா மீது தவறில்லை."

முதலில் மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார், பிறகு கூட்டமே சிரித்தது. "பரவாயில்ல தம்பி, நாலாவதையே போடுங்க. நாங்க உக்காந்து கேக்குறோம்."

மாமா வயரைப் பிடுங்கி, இயர்போனில் தேடி, மறுபடி வயரைச் செருகினார். சாயங்காலம் வரை ஒரு பாட்டு பிசகவில்லை.

எல்லோரும் போனபின் கேட்டேன். "ஏன் மாமா என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"நீயே சொல்லுவன்னு ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டு நின்னேன். இருபத்தி மூணு வந்துச்சு."

இன்றும் அக்கா வீட்டுக்குப் போனால், சோபாவில் உட்காருவதற்குள் அத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பார்: "நான்கு: மச்சான் கிளம்பாவிட்டால்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். மாமா அங்கே இருந்தால் மட்டும், என் பக்கம் தலையைத் திருப்பி மெதுவாகச் சொல்வார்: "இருபத்தி மூணு."