மேனேஜரைச் சுற்றி மணல் மூட்டை

"மேனேஜர் மேல ஒரு குண்டுகூடப் படக்கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் ரிசப்ஷன்காரி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவர் நட்ட நடுவுல வந்து நின்னா நான் என்னக்கா பண்றது? எப்படிச் சுட்டாலும் அவர் முதுகுலதான் போய் இறங்கும்போல" என்றான் டெஸ்பாட்ச் நெட்டை.

கம்பெனிக்குள் போட்டி. ஆளுக்கொரு போன், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கீழ்த்தளத்து அணி இவர்கள் மூன்று பேர். மாடியில் எதிரணி: மேனேஜர், அவருடைய கார் டிரைவர், விற்பனை அதிகாரி. மணி அடிக்கும்வரை கொடிக் கம்பத்தை எதிரி தொடாமல் காத்தால் கீழ்த்தளத்துக்கு வெற்றி. செத்தவர் சற்று நேரத்தில் பிழைத்து வருவார். திரையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். மேனேஜருக்கு 'மேனேஜர்' என்றே பெயர். டிரைவருக்கு 'குட்டி யானை'.

மூன்றாவது ஆள் ஸ்டோர்காரர். குழாய்ப் பெட்டிகளை அடுக்கியே தலை நரைத்தவர். அவருக்குச் சுட வராது. ஒரே ஒரு முறை கையெறி குண்டு வீசினார். அது அவர் காலடியிலேயே விழுந்தது. அதிலிருந்து ஆட்டத்தில் அவருக்கு மணல் மூட்டை அடுக்கும் வேலைதான்.

அவர் கவலை வேறு. தொலைதூரக் கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவிக்கு வேலை இங்கே, மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. ரத்து செய்யச் சொல்லிக் கொடுத்த மனு மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"அண்ணே, அவர் முன்னாடி ஒரு செவரு போடுங்க. நம்ம குண்டு அவர் மேல படாது" என்றாள் ரிசப்ஷன்காரி.

போட்டார். மேனேஜர் இடது பக்கம் நகர்ந்தார். அங்கேயும் போட்டார். வலது பக்கம், பின்பக்கம். மேனேஜர் எம்பிக் குதித்தார். பதறிப்போய்க் கூரையும் போட்டுவிட்டார்.

"என்னண்ணே, மனுஷனைக் குழிக்குள்ள வச்சு மூடிட்டீங்க?"

ஸ்டோர்காரருக்கு வியர்த்தது. "மூச்சு முட்டுமாம்மா?"

"கேம்ல எங்கே மூச்சு? ஆனா உங்க மனுவுக்கு முட்டும்."

அவசரமாக இரண்டு மூட்டையை உருவி ஜன்னல் வைத்தார். ஜன்னல் வழியாகச் சீறிவந்த குண்டில் நெட்டை விழுந்தான்.

"உங்க காத்தோட்டத்துல என் உயிர் போச்சு" என்று புலம்பினான்.

ஜன்னலுக்கு வெளியே முள்கம்பி சுற்றினார். மாட்டுத் தொழுவம்போல் ஆகிவிட்டது. அதை மறைக்க இன்னொரு வரிசை மூட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க மற்றொன்று. பெட்டி அடுக்கிய கை அல்லவா, ஓர் இணைப்புக்கு நேர் மேலே இன்னோர் இணைப்பு வராமல் சுவர் சீராக எழுந்தது. கொடிக்குப் போகும் வழியே அடைபட்டுப்போனது.

அதன் பிறகுதான் கூத்து. எதிரிகள் அந்தக் கோட்டையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. ரிசப்ஷன்காரி முனையில் உட்கார்ந்து வரவேற்றாள்.

"குட்டி யானை காலி" என்றான் பிழைத்து வந்த நெட்டை.

"மறுபடி வருது பாரு. இது என் ஸ்கூட்டரை ஒட்டிக் காரை நிறுத்தினதுக்கு" என்று சுட்டாள். "இது ஹாரன் அடிச்சதுக்கு."

"பாவம்மா, விடேன்" என்றார் ஸ்டோர்காரர். குட்டி யானை அவர் பக்கமாகவே நாலைந்து முறை ஓடியது. துப்பாக்கியை எந்த விரலால் அமுக்குவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நெட்டை அதைச் சாய்த்துவிட்டான்.

மணி அடித்தது. கொடி அசையவில்லை.

"அண்ணே, சும்மா மூட்டை தூக்கறீங்கன்னு கிண்டல் பண்ணேன். நீங்க இல்லன்னா நாங்க இல்ல" என்று ரிசப்ஷன்காரி கும்பிட்டாள். நெட்டை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஸ்டோரில் இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

அதற்குள் மாடியிலிருந்து அழைப்பு.

படியேறிப் போனார். மேனேஜர் தலையை நிமிர்த்தாமல் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

"மாற்றல் ரத்து. ஆளாளுக்கு வெறிபிடிச்ச மாதிரி ஆடறப்போ நீங்க ஒருத்தர்தான் மனுஷரா நடந்துக்கிட்டீங்க. உங்களை வெளியூருக்கு அனுப்ப மனசு வரல."

படியிறங்கும்போது அந்த மணல் மூட்டைகளுக்கு மனசுக்குள் ஆயிரம் நன்றி சொன்னார் ஸ்டோர்காரர். கீழே ரிசப்ஷன்காரியும் நெட்டையும் விஷயத்தைக் கேட்டுத் துள்ளினார்கள்.

"பாத்தீங்களா, கோட்டை கட்டிக் காப்பாத்தினதுக்குப் பலன்" என்றாள் அவள். "எங்களுக்கும் ஏதாவது செய்வார்."

அப்போது டிரைவர் உள்ளே வந்து ஸ்டோர்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி சார். எந்த ஆட்டத்துலயும் நான் கடைசிவரைக்கும் உயிரோட இருந்ததில்ல."

"நீயா? உன்னைத்தானே தம்பி இவங்க விழுந்து விழுந்து சுட்டாங்க?"

"அது நான் இல்ல சார். தன் பேரைப் பார்த்தா எல்லாரும் விட்டுக்குடுத்துடுவாங்கன்னு ஐயா அவர் போனை என்கிட்ட குடுத்துட்டு, என் போன்ல அவரே குட்டி யானையா ஆடினார். இப்போ இந்த ரெண்டு பேரையும் மேல வரச் சொன்னார்."