கலகக்காரரின் செல்வாக்கு

தொண்ணூற்றேழாம் ஆண்டில் நாடு கணினி உலகத்துக்குள் நுழைந்துவிட்டதாக மேலிடம் அறிவித்தது. மேலிடம் அறிவித்தால் நுழைந்தாக வேண்டும். எனவே தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் 'மின்னுலகக் குறைதீர்ப்பு அலுவலகம்' திறக்கப்பட்டது. குளிர்சாதனம் வந்தது. சுழல் நாற்காலிகள் வந்தன. ரிப்பன் வந்தது, அதை வெட்டக் கத்தரிக்கோலும் வந்தது. கணினி மட்டும் வரவில்லை. கப்பலில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்காக மக்கள் சேவை நிற்கலாமா? இயக்குநர் தியாகராஜனின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தார். மேசைமேல் விரிக்க ஒரு மின்னுலக வரைபடம், பகடை, விதிநூல், ஆளுக்கொரு பாத்திரம். கணினி வந்து சேரும்வரை மின்னுலகம் மேசைமேல் நடைபெறும் என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார்.

பாத்திரங்கள் சம்பளத் தரப்படி பங்கிடப்பட்டன. இயக்குநர் ஆட்ட நெறியாளர், அதாவது கடவுள். தட்டச்சர் சந்திரகலா எந்தப் பூட்டையும் திறக்கும் ஊடுருவி. காவலாளி ரமணி, யாரையும் உள்ளே விடாத காப்புச் சுவர். அதை அவர் முன்பே செய்துகொண்டிருந்தார். வைரஸ் பதவியை ஏற்க ஆளில்லை. பயணப்படி உண்டு என்றதும் மூன்று பேர் விண்ணப்பித்தார்கள்.

இந்த நிலையில்தான் பூச்சோங்கிலிருந்து இராஜம்மா வந்தார். அவர் ரப்பருக்காகப் பால்மரம் வெட்டிய தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனியின் புல்டோசர் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டது. பெண்கள் பெருஞ்சாலையைக் கடந்துபோய்த் தண்ணீர் தூக்கினார்கள். துணைக்கு லைன் கமிட்டிச் செயலாளர் கன்னையாவும் வந்திருந்தார். மூன்று பேர் கூடினாலும் மைக் கேட்கும் போராளி அவர்.

"அக்கா, குழாய் இந்த உலகத்துல உடைஞ்சிருக்கா, மின்னுலகத்துல உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார் இயக்குநர்.

"வீட்டு முன்னால உடைஞ்சிருக்கு சார்."

"வீட்டு முன்னால உள்ளதுக்கு இந்த ஆபீஸ்ல பவர் இல்லலா. முதல்ல அதை மேசைமேல கொண்டு வரணும். நீங்க பயனர். இந்தாங்க, அட்டை."

"பயனர்னா என்ன செய்யலாம் சார்?"

இயக்குநர் விதிநூலைப் புரட்டினார். "காத்திருக்கலாம்."

கன்னையா மேசையைத் தட்டினார். "இது உழைக்கும் மக்களை ஏமாற்றும் சூழ்ச்சி! அடித்தட்டு மக்கள் பொங்கி எழுந்தால் இந்த மேசை தாங்காது!"

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். "வந்துட்டார்லா! கலகக்காரர் பாத்திரம் இத்தனை நாளா காலியா கிடந்துச்சு. உட்காருங்க அண்ணே!" விதிநூலிலிருந்து வாசித்தார்: "கலகக்காரர். குரல் ஒன்பது. பிடிவாதம் எட்டு. செல்வாக்கு ஒன்று."

"செல்வாக்கு ஒண்ணுதானா?" கன்னையாவின் முகம் சிவந்தது. "நான் ஜெயில் பார்த்தவன்!"

பேச்சுவார்த்தை தொடங்கியது. கன்னையா விட்டுக்கொடுக்கவில்லை. மாலைக்குள் செல்வாக்கு மூன்றாக உயர்த்தப்பட்டது. அந்தப் பத்தாண்டில் அவர் போராடிப் பெற்ற ஒரே கோரிக்கை அதுதான்.

பிறகு ஆட்டம் சூடுபிடித்தது. கன்னையா பகடையை உருட்டினார், ஆறு விழுந்தது. "நான் சாய்ஞ்சிட்டேன் அண்ணே" என்று காப்புச் சுவர் ரமணி நாற்காலியை நகர்த்திக்கொண்டு தேநீரைத் தொடர்ந்தார். கன்னையா அடுத்து உண்ணாவிரதம் அறிவித்தார். கையிலிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் முடிவதற்குள் அது மாபெரும் வெற்றி பெற்றது. ஊடுருவி சந்திரகலா பூட்டைத் திறந்து, பூச்சோங் வரை நீலப் பென்சிலால் கோடு இழுத்தார்.

"தண்ணீர் வந்துவிட்டது. குறை தீர்ந்தது" என்று இயக்குநர் அறிவித்தார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"சார், நான் வாளி கொண்டாந்திருக்கேன்" என்றார் இராஜம்மா.

"என்னக்கா, இன்னும் பழைய காலத்திலேயே இருக்கீங்க!"

செய்தி பரவியது. கிள்ளானிலிருந்து விஜயன் என்ற போராளி தன் சங்கத்தோடு பஸ் பிடித்து வந்து, செல்வாக்கு ஐந்து கேட்டு வாங்கினார். கன்னையாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சுங்கை பூலோ, செமினி என்று எல்லாப் பக்கத்துப் போராளிகளும் குளிர்சாதன அறையில் திரண்டார்கள். தெருவில் ஆர்ப்பாட்டம் செய்ய ஆளில்லை. கலகக்காரர்கள் ஒரு கூட்டம். காப்பாற்றப்படவோ ஒரே பயனர். ஆகவே இராஜம்மாவை வாரந்தோறும் கூட்டிவந்து உட்காரவைத்து, ஒவ்வொருவராகத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். பூச்சோங்குக்குப் போன நீலக் கோடுகள் தடித்து, வரைபடம் கிழிந்தே போனது.

ஒரு வாரம் இராஜம்மா வரவில்லை. விசாரித்தார்கள். லைன் பெண்கள் பணம் போட்டு ஒரு பிளம்பரைக் கூட்டிவந்து குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். தண்ணீர் கொட்டுகிறது.

அலுவலகம் அதிர்ந்தது. உடைந்த குழாய் இல்லையென்றால் குறை இல்லை. குறை இல்லையென்றால் தீர்ப்பு இல்லை, அலுவலகம் இல்லை, செல்வாக்கு ஐந்தும் இல்லை. வரலாற்றில் முதல் முறையாக அதிகார வர்க்கமும் போராளிகளும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே பஸ்ஸில் பூச்சோங் போனார்கள்.

"தனிமனித நடவடிக்கை இயக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது!" என்றார் கன்னையா.

"முறைப்படி தீர்ந்த குறையை முறையில்லாம மறுபடி தீர்த்திருக்கீங்கக்கா. ரொம்பத் தப்பு" என்றார் இயக்குநர்.

"எனக்குத் தண்ணி வேணும், அவ்வளவுதான் சார்" என்றார் இராஜம்மா.

இராஜம்மா வீட்டு வாசலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். "உடை, உடை! குழாயை உடை!" கோஷம் லைன் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிளம்பருக்குப் பணம் போட்டவர்கள்தான். "உங்களுக்கு என்னடி கேடு?" என்று கேட்டார் இராஜம்மா.

"இவ்வளவு பெரிய ஆளுங்க நம்ம லைனுக்கு வந்ததே இல்லையேக்கா! போட்டோவெல்லாம் எடுக்கிறாங்க, நீயும் வா!"

உச்சி வெயில் ஏறியது. கோஷம் மெலிந்தது. முதலில் இயக்குநருக்கு நா வறண்டது, பிறகு விஜயனுக்கு, கடைசியாகக் குரல் ஒன்பது உள்ள கன்னையாவுக்கு. இராஜம்மா குழாயைத் திறந்துவிட்டார். அதிகாரிகள் முதலில், போராளிகள் அடுத்து, பொதுமக்கள் கடைசியில் என்று வரிசையாக நின்று வயிறு முட்டக் குடித்தார்கள், முகம் கழுவினார்கள். ரமணி ஒரு போத்தலில் பிடித்தும் வைத்துக்கொண்டார்.

தொண்டை நனைந்ததும் எல்லோரும் இடத்துக்குத் திரும்பினார்கள். இந்த முறை "குழாயை உடை!" என்ற கோஷம் பெருஞ்சாலைக்கு அப்பாலும் கேட்டது.